வண்டிகள் ஓடுகின்றனவா, தேங்கி நிற்கின்றனவா? தாவரச் சேர்மங்களும் ஆட்டோபேஜியும் புற்றுநோயும்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்கள் அக்காவுக்குக் கணையத்தில் புற்றுநோய், கீமோதெரபி நடந்துகொண்டிருக்கிறது. மஞ்சளிலுள்ள குர்குமின், பச்சைத் தேயிலையிலுள்ள ஈஜிசிஜி, திராட்சைத் தோலிலுள்ள ரெஸ்வெரட்ரால் ஆகியவை ஆட்டோபேஜியைத் தூண்டிவிட்டு, புற்றுநோய்ச் செல்கள் தம்மைத் தாமே தின்று சாகும்படி செய்கின்றன என்று படித்திருக்கிறீர்கள். இது உண்மையா, இது ஒரு நாள் சிகிச்சையாக வருமா, அந்த மாத்திரைகளை இப்போதே கொடுக்கத் தொடங்கலாமா என்பவை உங்கள் மூன்று கேள்விகள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: சிகிச்சை தரும் மருத்துவருக்குத் தெரியாமல் எதையும் தொடங்க வேண்டாம். மற்ற இரண்டுக்கும் ஒரு வரியில் பதில் சொன்னால் அது பொய்யாகிவிடும். நான் மருத்துவன் அல்லன். ஆட்டோபேஜியை அளப்பதையே வேலையாகக் கொண்டு சில ஆண்டுகளை ஆய்வகத்தில் கழித்தவன். அந்த அளவீட்டில் எத்தனை வழுக்குப் பாறைகள் உண்டு என்பதைக் கால் இடறித் தெரிந்துகொண்டதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஆட்டோபேஜி என்றால் என்ன? தமிழில் தன்னுண்ணல் என்று சொல்லலாம். செல்லுக்குள் பழுதான புரதங்கள், தேய்ந்துபோன மைட்டோகாண்ட்ரியாக்கள், தேவையற்றுப்போன துண்டுகள் எல்லாம் சேர்ந்துகொண்டே இருக்கும். அவற்றைச் சுற்றி இரட்டைச் சவ்வாலான ஒரு பை உருவாகி மூடிக்கொள்ளும். அந்தப் பை, செல்லுக்குள் தண்டவாளம் போல ஓடும் நுண்குழல்கள் வழியே நகர்ந்து லைசோசோமை அடைந்து அதனுடன் இணையும். லைசோசோம் அமிலமும் நொதிகளும் நிறைந்த அறை. உள்ளே போனதெல்லாம் அங்கே சிதைந்து அமினோ அமிலங்களாகவும் கொழுப்பு அமிலங்களாகவும் வெளியே வந்து மறுபடி பயன்படும். ஊட்டம் குறைந்த நேரத்தில் செல் தன் இருப்பையே உடைத்துச் சாப்பிட்டு உயிர் பிழைக்கும் ஏற்பாடு இது. இந்தப் பெயரை 1963-ல் சூட்டியவர் லைசோசோமைக் கண்டுபிடித்த கிறிஸ்டியன் டி டூவ். அதன் மரபணுக்களைக் கண்டெடுத்தவர் ஜப்பானின் யோஷினோரி ஓசுமி. ஈஸ்ட் செல்களைப் பட்டினி போட்டு, அவற்றின் சிதைக்கும் நொதிகளை முடக்கி, உள்ளே பைகள் வந்து குவிவதை நுண்ணோக்கியில் பார்த்தார். 1993-ல் இந்த வேலையைச் செய்ய முடியாத 15 ஈஸ்ட் வகைகளைப் பிரித்துக் காட்டினார். 2016-ல் நோபல் பரிசு அவருக்குத் தனியாகவே கிடைத்தது. தன்னுண்ணல் என்ற சொல் பொதுமக்களிடம் பரவியதும் உண்ணாநோன்பு, சாறு, மாத்திரை என்று அதைச் சுற்றி ஒரு வியாபாரம் கிளம்பியதும் பெரும்பாலும் அந்தப் பரிசுக்குப் பின்னர்தான்.

அவர் பைகள் 'வந்து குவிவதை' பார்த்தார் என்று எழுதினேன் அல்லவா? நொதிகளை முடக்கியதால்தான் அவை குவிந்தன. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி புற்றுநோய்க்கு வருவோம். தன்னுண்ணல் புற்றுநோய்க்குப் பகையா, துணையா? 1999-ல் பெத் லெவின் குழு, பெக்லின் 1 என்ற தன்னுண்ணல் மரபணு குறைவாக இருந்த மார்பகப் புற்றுநோய்ச் செல்களில் அதை மீண்டும் சேர்த்தபோது, எலிகளில் கட்டி உண்டாக்கும் அவற்றின் திறன் குறைந்ததைக் காட்டியது. 2003-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியே, இந்த மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்றை இழந்த எலிகளுக்குத் தாமாகவே கட்டிகள் தோன்றுவதைக் கண்டன. குப்பை அகற்றப்படாத செல்லில் சேதம் மிகும், சேதத்திலிருந்து புற்றுநோய் பிறக்கும் என்பது தெளிவான விளக்கமாக இருந்தது. 'தன்னுண்ணலைத் தூண்டு, புற்றுநோயைத் தடு' என்ற முழக்கத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஆனால் கட்டி உருவாகிவிட்ட பிறகு கதை திரும்புகிறது. வேகமாக வளரும் கட்டியின் நடுப்பகுதிக்கு இரத்தம் சரியாகப் போய்ச் சேராது. அங்கே ஆக்சிஜனும் குறைவு, ஊட்டமும் குறைவு. அந்தப் பஞ்சத்தில் புற்றுநோய்ச் செல்லைக் காப்பாற்றுவதே இந்தத் தன்னுண்ணல்தான். கீமோதெரபி தரும் அடியிலிருந்து மீளவும் அதையே நம்புகிறது. இதில் மிக மோசமான உதாரணம், வருத்தத்தோடு சொல்கிறேன், கணையப் புற்றுநோய். அந்தச் செல்களில் தன்னுண்ணல் எப்போதும் உச்சத்தில் ஓடுகிறது என்றும், அதைத் தடுத்தால் வளர்ச்சி குன்றுகிறது என்றும் 2011-ல் காட்டப்பட்டது. 2020-ல் இன்னொன்று தெரியவந்தது: கணையப் புற்றுநோய்ச் செல்கள், நோயெதிர்ப்புச் செல்களுக்குத் தம்மை அடையாளம் காட்டும் மேற்பரப்புப் புரதத்தையே தன்னுண்ணலில் போட்டுச் செரித்துவிடுகின்றன. திருடன் தன் அங்க அடையாளக் குறிப்பைத் தானே தின்றுவிடுவது போல.

நோயாளியின் நல்ல செல்களில் நடக்கும் தன்னுண்ணலும் கட்டிக்குத் தீனி போடக்கூடும். 2018-ல் எலிகளில் செய்த ஓர் ஆய்வில், கட்டியைத் தொடாமல் உடலின் மற்றப் பகுதிகளில் மட்டும் தன்னுண்ணலை நிறுத்தினார்கள். இரத்தத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் குறைந்தது. அதை நம்பியிருந்த கட்டிகள் வளரத் திணறின. இந்தப் பக்கத்திலும் எல்லாம் நேர்கோடாக இல்லை. பி53 என்ற காவல் மரபணு முற்றிலும் இல்லாத எலிகளின் கணையத்தில் தன்னுண்ணலைத் தடுத்தபோது கட்டி குறையாமல் வேகமெடுத்தது என்று 2013-ல் ஒரு குழு அறிவித்தது. வேறொரு குழு அதை மறுத்தது. பெக்லின் 1 கதைக்கும் ஒரு திருத்தம் வந்தது. மனிதக் கட்டிகளில் அது அடிக்கடி காணாமல் போவதற்குக் காரணம், குரோமோசோமில் மார்பகப் புற்றுநோயோடு தொடர்புள்ள பிஆர்சிஏ1 மரபணுவுக்குப் பக்கத்து வீட்டுக்காரராக இருப்பதாலேயே இருக்கலாம், அந்த வீடு இடிந்தபோது இதுவும் சேர்ந்து இடிந்தது என்று 2014-ல் வாதிட்டார்கள்.

ஆகவே 'இந்தத் தாவரச் சேர்மம் தன்னுண்ணலைக் கூட்டுகிறது' என்று யாராவது மகிழ்ச்சியோடு சொன்னால், எந்தக் கட்டியில், எந்தக் கட்டத்தில் என்று திருப்பிக் கேட்க வேண்டும். உங்கள் அக்காவின் விஷயத்தில், கூட்டுவது நல்லது என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. ஆய்வாளர்களின் பெரும்பான்மை முயற்சி அதைக் குறைப்பதில்தான் இருக்கிறது.

அளவீட்டுப் பிரச்சினைக்கு இப்போது வருகிறேன். இதைப் பேசத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தன்னுண்ணல் நடப்பதை அறிய ஆய்வகங்கள் பெரும்பாலும் நம்புவது எல்சி3 என்ற புரதத்தை. பை உருவாகும்போது இது அதன் சவ்வில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய வடிவம் கூடினால் பைகள் கூடிவிட்டன என்று பொருள். ஒரு தாவரச் சேர்மத்தைச் செல்களின் மேல் ஊற்றி, மறுநாள் புரதங்களைப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் சோதனையில் எல்சி3 பட்டை தடித்திருப்பதைப் பார்த்து, 'ஆட்டோபேஜி தூண்டப்பட்டது' என்று எழுதிய கட்டுரைகள் ஏராளம். ஆனால் ஒரு ஊரின் தெருக்களில் குப்பை வண்டிகள் நிறைய நிற்பதைப் பார்த்து என்ன முடிவுக்கு வர முடியும்? துப்புரவு மும்முரமாக நடக்கிறது என்று சொல்லலாம். குப்பைக்கிடங்கின் கதவை யாரோ பூட்டிவிட்டதால் வண்டிகள் தேங்கி நிற்கின்றன என்றும் சொல்லலாம். இரண்டும் நேர் எதிரான நிலைமைகள். ஆனால் தெருவில் எண்ணினால் ஒரே எண்தான் வரும். ஓசுமி பார்த்த குவியல்கூட, கதவைப் பூட்டியதால் தெரிந்த குவியல்தான். அவருக்கு அது தெரிந்திருந்தது. பலர் அதை மறந்துவிட்டார்கள்.

சரியான வழி, ஓட்டத்தை அளப்பது. கிடங்கின் கதவை நாமே ஒரு மருந்தால் பூட்டிவிட்டு, சேர்மம் இருக்கும்போதும் இல்லாதபோதும் எவ்வளவு தேங்குகிறது என்று ஒப்பிட வேண்டும். கதவைப் பூட்டிய பிறகும் சேர்மம் எண்ணிக்கையைக் கூட்டினால் அது உண்மையான தூண்டல். கூட்டாவிட்டால், சேர்மமே பூட்டாக இருந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். பி62 என்ற இன்னொரு புரதமும் உதவும்: குப்பையோடு சேர்ந்து சிதைய வேண்டிய அது குறைந்தால் ஓட்டம் நடக்கிறது, குவிந்தால் தடை. மூன்றாவது ஓர் அழகான தந்திரம் உண்டு. எல்சி3-உடன் பச்சை, சிவப்பு என இரண்டு ஒளிர்புரதங்களைக் கோத்துவிடுவார்கள். லைசோசோமின் அமிலத்தில் பச்சை அணையும், சிவப்பு நிற்கும். இரண்டும் சேர்ந்த மஞ்சள் புள்ளிகள், கிடங்கை இன்னும் அடையாத வண்டிகள். சிவப்புப் புள்ளிகள், போய்ச் சேர்ந்தவை. இந்த அளவீடுகளை எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கென்றே துறையினர் ஒன்றுகூடி 2008 முதல் நெறிமுறைகளை வெளியிட்டு வருகிறார்கள். 2021-ல் வந்த நான்காம் பதிப்பு ஒரு பருத்த புத்தகம் அளவுக்கு நீளம். அத்தனை பக்கம் தேவைப்பட்டதே நிலைமையைச் சொல்லும்.

நானே ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். ஒரு வேர்ச்சாற்றின் கூறு எல்சி3-ஐப் பிரமாதமாக உயர்த்தியது. இரண்டு வாரம் நல்ல தூக்கம். பிறகு பி62-ஐப் பார்த்தால் அதுவும் மலை போல ஏறியிருந்தது. தூண்டியாக நினைத்துக் கொண்டாடியது, தடுப்பானாக முடிந்தது.

இதற்குச் செவ்வியல் உதாரணம் ஒன்று பலர் கண்முன்னேயே இருக்கிறது. நித்தியகல்யாணிச் செடியிலிருந்து கிடைத்த வின்பிளாஸ்டின், பல பத்தாண்டுகளாகப் பயன்படும் புற்றுநோய் மருந்து. அது நுண்குழல்களைக் குலைக்கிறது. செல் பிரிய முடியாமல் தடுமாறுகிறது. அதனால்தான் அது மருந்து. அதே நுண்குழல்கள்தான் தன்னுண்ணல் பைகள் ஓடும் தண்டவாளம் என்பதால், பைகள் லைசோசோமை அடையாமல் குவிந்துபோகின்றன. 'வின்பிளாஸ்டின் ஆட்டோபேஜியைத் தூண்டிப் புற்றுநோயைக் கொல்கிறது' என்று எல்சி3 பட்டையை மட்டும் வைத்து ஒருவர் எழுதினால், ஒரே வாக்கியத்தில் இரண்டு தவறுகள் இருக்கும்.

இரண்டாவது தவறைத் தனியாகச் சொல்ல வேண்டும். இறக்கும் செல்லில் தன்னுண்ணல் மிகுந்திருந்தால் அது தன்னுண்ணலால் இறந்தது என்று ஆகாது. தீப்பிடித்த வீட்டின் முன்னால் தீயணைப்பு வண்டி நிற்கிறது. அதுதான் தீ வைத்தது என்று யாரும் சொல்வதில்லை. தன்னுண்ணல் மரபணுக்களை நீக்கிய செல்களிலும் அதே சேர்மத்தை ஊற்றிப் பார்க்க வேண்டும். இப்போது சாவு குறைந்தால் தன்னுண்ணல் கொலைகாரன். கூடினால் அது காப்பாற்ற வந்தவன். இந்தச் சோதனையைச் செய்யும்போது பல நேரங்களில் இரண்டாவது விடைதான் வருகிறது.

இனி நீங்கள் பெயர் சொன்ன சேர்மங்களைப் பார்ப்போம். குர்குமின் மூளைக் கட்டிச் செல்களில் எம்டார் பாதையை அடக்கித் தன்னுண்ணலைத் தூண்டுகிறது என்று 2007-ல் காட்டினார்கள். எம்டார் என்பது ஊட்டம் நிறைவாக இருக்கும்போது தன்னுண்ணலை அழுத்தி வைக்கும் பொத்தான். அதை விடுவித்தால் தன்னுண்ணல் எழும். நல்ல ஆய்வுதான். சிக்கல் அளவில் இருக்கிறது. செல் வளர்ப்பில் குர்குமினைப் பெரும்பாலும் 10 மைக்ரோமோலார், சில சமயம் அதைவிட மிகக் கூடுதலாகவும் ஊற்றுகிறார்கள். 10 மைக்ரோமோலார் என்றால் ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 3,700 நானோகிராம். கணையப் புற்றுநோயாளிகளுக்கே நாளொன்றுக்கு 8 கிராம் குர்குமின் கொடுத்த ஒரு சோதனையின் முடிவு 2008-ல் வெளியானது. அவர்களது இரத்தத்தில் கிடைத்தது மில்லிலிட்டருக்கு 22 முதல் 41 நானோகிராம். நூறில் ஒரு பங்கு! யானைப் பசிக்குச் சோளப்பொரி. கல்லீரலும் குடலும் அதைப் பிடித்து வேறு வடிவத்துக்கு மாற்றி வெளியேற்றிவிடுகின்றன. அந்தச் சோதனையில் 25 பேர் சேர்ந்தார்கள். ஒருவருக்கு நோய் 18 மாதங்களுக்கு மேல் நிலையாக நின்றது. இன்னொருவருக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியது, ஆனால் அது நீடிக்கவில்லை. ஒப்பீட்டுக் குழு இல்லாத சோதனை என்பதால் இதை வைத்து எதையும் நிறுவ முடியாது; முற்றிலும் ஒதுக்கவும் எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகும் குர்குமின் புற்றுநோய் மருந்தாக எங்கும் ஏற்கப்படவில்லை.

குர்குமினுக்கு இன்னொரு குணம் உண்டு. அது ஒளிரும், உலோகங்களைப் பற்றும், கண்ட புரதத்திலெல்லாம் ஒட்டும். உடல் வெப்பத்தில், நடுநிலையான கரைசலில், சீரம் இல்லாவிட்டால் அரை மணி நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு சிதைந்துவிடும். எந்தச் சோதனையில் போட்டாலும் 'பலன்' காட்டும் இத்தகைய மூலக்கூறுகளை மருந்து வேதியியலாளர்கள் தனிப் பட்டியலில் வைத்துச் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். ஒரே பொருள் புற்றுநோய், நீரிழிவு, மறதி, மூட்டுவலி என எல்லாவற்றுக்கும் ஆய்வகத்தில் வேலை செய்வதாகத் தெரிந்தால், அது சர்வரோக நிவாரணி என்று நினைப்பதற்கு முன், அளவுகோலைக் குழப்புகிறதோ என்று நினைப்பது நல்லது. ஈஜிசிஜியும் செல் வளர்ப்புத் திரவத்தில் தானே ஆக்சிஜனேற்றமடைந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். செல்கள் சாவது தேயிலையாலா, பெராக்சைடாலா என்று பார்க்காத ஆய்வுகள் ஏட்டுச் சுரைக்காய்தான்.

ரெஸ்வெரட்ரால் பற்றிக் கொஞ்சம் கவலையோடு சொல்கிறேன். ஆய்வகத்தில் அது, செல்லில் ஆற்றல் குறையும்போது விழிக்கும் ஏஎம்பிகே, சர்ட்1 போன்ற புரதங்களின் பாதைகள் வழியாகத் தன்னுண்ணலை எழுப்புகிறது. மல்டிபிள் மைலோமா என்ற எலும்புமஜ்ஜைப் புற்றுநோய் கொண்ட 24 பேருக்கு, நன்றாக உறிஞ்சப்படும்படி நுண்துகளாக்கிய ரெஸ்வெரட்ராலை நாளுக்கு 5 கிராம் கொடுத்த சோதனை 2010-ல் நிறுத்தப்பட்டது. சிலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது, ஒருவர் இறந்தார். மைலோமா தானே சிறுநீரகத்தைத் தாக்கக்கூடிய நோய் என்பதால் பழி முழுவதையும் சேர்மத்தின் மேல் போட முடியாது. இருந்தாலும் 'இயற்கைப் பொருள், கெடுதல் செய்யாது' என்ற பேச்சுக்கு என் பதில் இந்தச் சோதனைதான்.

காசிபால் என்பது பருத்தி விதையிலுள்ள மஞ்சள் நிறமி. இதன் செயல்முறை எனக்கு மிகவும் பிடித்தது: பிசிஎல்-2 என்ற புரதம் பெக்லின் 1-ஐக் கைப்பிடியில் வைத்திருக்கிறது, காசிபால் அந்தப் பிடிக்குள் நுழைந்து பெக்லினை விடுவிக்கிறது, தன்னுண்ணல் எழுகிறது. ஒரு மூலக்கூறு, ஒரு இலக்கு, தெளிவான காரணம். இதன் ஒரு வடிவத்தை டோசிடாக்செல் என்ற கீமோதெரபி மருந்தோடு சேர்த்து முற்றிய புராஸ்டேட் புற்றுநோயில் சோதித்தார்கள். ஆயுள் கூடவில்லை. (இதே காசிபாலை 1970-களில் சீனாவில் ஆண்களுக்கான கருத்தடை மருந்தாகச் சோதித்து, இரத்தத்தில் பொட்டாசியம் குறைவதாலும் சிலருக்கு மலட்டுத்தன்மை நிரந்தரமானதாலும் கைவிட்டார்கள் என்பது வேறு கதை.)

நல்ல செய்தியே இல்லையா என்றால், பெர்பெரின் உண்டு. மரமஞ்சள் போன்ற தாவரங்களிலுள்ள மஞ்சள் நிற ஆல்கலாய்டு. இதுவும் ஏஎம்பிகேயைத் தூண்டுவதாகக் கருதப்படுவது. பெருங்குடலில் அடினோமா என்ற, பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடிய கட்டிகளை அகற்றிக்கொண்டவர்களுக்குச் சீனாவில் தினம் இரு வேளை 0.3 கிராம் பெர்பெரின் அல்லது மருந்துப்போலி கொடுத்து இரண்டு ஆண்டுகள் வரை கவனித்தார்கள். 2020-ல் வந்த முடிவு: பெர்பெரின் குழுவில் 36 விழுக்காட்டினருக்கும் மருந்துப்போலிக் குழுவில் 47 விழுக்காட்டினருக்கும் அடினோமா மீண்டும் வந்தது. குலுக்கல் முறையில் பிரித்து, யாருக்கு எது என்று தெரியாமல் நடத்திய சோதனை என்பதால் இதற்கு எடை உண்டு. ஆனால் இது புற்றுநோயைக் குணப்படுத்தியதல்ல, முன்னோடிக் கட்டி திரும்புவதைக் குறைத்தது. தன்னுண்ணல்தான் காரணமா என்பது அந்தச் சோதனை கேட்ட கேள்வியும் அல்ல. பெர்பெரின் இரத்தத்தில் மிகக் குறைவாகவே ஏறும். இங்கே அது குறையாகத் தெரியாததற்குக் காரணம், வேலை செய்ய வேண்டிய இடமே குடல் என்பதாக இருக்கலாம் என்பது என் ஊகம். கணையத்துக்கு இந்தச் சலுகை கிடையாது.

தடுக்கும் பக்கத்துக்கு வருவோம். மருத்துவமனைகளில் தன்னுண்ணலைத் தடுக்கச் சோதிக்கப்பட்ட முதன்மை மருந்து ஹைட்ராக்சிகுளோரோகுயின். சின்கோனா மரப்பட்டையின் குயினைனில் தொடங்கிய மலேரியா மருந்துத் தேடலில் செயற்கையாக உருவான குடும்பம் அது. லைசோசோமுக்குள் புகுந்து அமிலத்தன்மையைக் குறைத்து, கிடங்கின் வேலையை நிறுத்துகிறது. முற்றிய கணையப் புற்றுநோய் கொண்ட 112 பேரிடம், வழக்கமான கீமோதெரபியோடு இதைச் சேர்த்தும் சேர்க்காமலும் கொடுத்துப் பார்த்த சோதனை 2019-ல் வெளியானது. கட்டி சுருங்கியவர்கள் சேர்த்த குழுவில் 38 விழுக்காடு, சேர்க்காத குழுவில் 21. ஆனால் ஓராண்டு உயிரோடிருந்தவர்கள் சேர்த்த குழுவில் 41 விழுக்காடு, சேர்க்காத குழுவில் 49. கட்டி சுருங்கியது, ஆயுள் நீளவில்லை. அதே ஆண்டில், கணையப் புற்றுநோயை முடுக்கிவிடும் கேராஸ் என்ற மரபணுவின் பாதையில் கீழேயுள்ள சமிக்ஞையைத் தடுத்தால் கணையச் செல்கள் தப்பிக்கத் தன்னுண்ணலை இன்னும் உயர்த்துகின்றன, இரண்டையும் சேர்த்துத் தடுத்தால்தான் அடி விழும் என்று ஆய்வக முடிவுகள் வந்தன. அதைப் பின்பற்றிய சோதனைகள் தொடங்கின. இந்தத் துறையில் எனக்கு நம்பிக்கை மிஞ்சியிருக்கும் இடம் இது.

தடுக்கும் தாவரச் சேர்மங்களும் இல்லாமல் இல்லை. ஸ்டெபானியா கொடியின் டெட்ராண்ட்ரின் லைசோசோமின் அமிலத்தைக் குறைக்கிறது. மத்தியதரைக்கடல் பகுதியில் வளரும் தாப்சியா செடியின் தாப்சிகார்ஜின், பையும் லைசோசோமும் இணைவதையே நிறுத்துகிறது என்று 2011-ல் காட்டினார்கள். தாப்சிகார்ஜின் அப்படியே உள்ளே போனால் நஞ்சு. அதைக் கட்டியில் மட்டும் அவிழும் பொட்டலமாக மாற்றி மனிதர்களிடம் சோதித்தும் பார்த்தார்கள்; மருந்தாகக் கரைசேரவில்லை.

சரி, தாவரங்களிலிருந்து புற்றுநோய் மருந்தே வராதா? வந்திருக்கிறது. உங்கள் அக்காவின் உடலில் இப்போதே அது ஏறிக்கொண்டிருக்கவும் கூடும். கணையப் புற்றுநோய்க்கான இரண்டு முக்கியக் கீமோதெரபிக் கூட்டுகளில் ஒன்றில் பாக்ளிடாக்சல் உண்டு. அது பசிபிக் யூ மரப்பட்டையில் கண்டெடுக்கப்பட்டது. மற்றதில் இரினோடெகான் உண்டு. அது சீனத்து கேம்ப்டோதீக்கா மரம் தந்த சேர்மத்தை மாற்றியமைத்தது. யூ மரப்பட்டையை முதலில் சேகரித்தது 1962-ல். அமைப்பு தெரிந்தது 1971-ல். எப்படி வேலை செய்கிறது என்று சூசன் ஹார்விட்ஸ் காட்டியது 1979-ல். அமெரிக்காவில் சூலகப் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது 1992-ல். முப்பது ஆண்டுகள்! யாரும் மரப்பட்டையைப் பொடித்து விழுங்கச் சொல்லவில்லை. தூய்மையாக்கி, அளவு கண்டு, இரத்தக் குழாய் வழியே செலுத்தி, ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அது மருந்தானது. தன்னுண்ணலை மாற்றும் சேர்மங்களில் ஏதாவது ஒன்று நாளை மருந்தானால், அதுவும் இந்தப் பாதையில்தான் வரும். பெரும்பாலும் மூலச் சேர்மமாக வராது. வேதியியலாளர் கைபட்டு உருமாறிய பேரனாக வரும்.

மாத்திரைகளை இடையில் சேர்ப்பதில் உள்ள ஆபத்து வெறும் பயமுறுத்தல் அல்ல. 2009-ல், ஈஜிசிஜி போர்டெசோமிப் என்ற புற்றுநோய் மருந்தோடு வேதியியல் முறையில் நேரடியாகப் பிணைந்து அதைச் செயலற்றதாக்குகிறது என்று செல்களிலும் எலிகளிலும் கண்டார்கள். மருந்துக்குத் துணையாக நினைத்துக் கொடுத்தது மருந்தையே விழுங்கிவிட்டது. அது மைலோமா மருந்து, உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் இரினோடெகான் பொருந்தக்கூடும்: மனச்சோர்வுக்குச் சாப்பிடப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, இரினோடெகானின் செயல்படும் வடிவத்தை இரத்தத்தில் 42 விழுக்காடு குறைத்தது என்று 2002-ல் நோயாளிகளிடமே அளந்தார்கள். காரணம், அந்த மூலிகை கல்லீரலின் மருந்து சிதைக்கும் நொதிகளைக் கூட்டுவது. எதிர்த் திசையிலும் நடக்கும். குர்குமின் மாத்திரைகளில் உறிஞ்சுதலைக் கூட்ட மிளகின் பைப்பரினைச் சேர்க்கிறார்கள். பைப்பரின் அதே நொதிகளில் ஒன்றை அடக்கும். பாக்ளிடாக்சலை உடல் அகற்றுவதில் அந்த நொதிக்கும் பங்குண்டு. அகற்றுவது குறைந்தால் மருந்து தேங்கி நஞ்சாகலாம். மஞ்சள் மாத்திரைகளால், குறிப்பாகப் பைப்பரின் சேர்த்தவற்றால், சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு நேர்ந்ததும் பதிவாகியிருக்கிறது. ஒரு குறிப்பிட்ட மரபுக்கூறு உள்ளவர்களிடம் அது அதிகம். கீமோதெரபி நடுவில் கல்லீரல் அளவுகள் ஏறினால் மருத்துவர் அடுத்த சுற்றைத் தள்ளிவைக்க நேரிடும். கணையப் புற்றுநோயில் தள்ளிப்போகும் ஒவ்வொரு சுற்றும் விலை உள்ளது.

சாப்பாட்டில் இயல்பாக வரும் மஞ்சளையும் மிளகையும் பற்றி நான் பேசவில்லை. அந்த அளவுகள் வேறு. செறிவூட்டிய மாத்திரை, பொடி, சாறு ஆகியவற்றைத்தான் சொல்கிறேன். தன்னுண்ணலைக் கூட்டலாம் என்று நோயாளியைப் பட்டினி போடச் சொல்பவர்களையும் தயவுசெய்து வீட்டு வாசலிலேயே நிறுத்துங்கள். கணையப் புற்றுநோயில் எடை இழப்புதான் பெரிய எதிரி. சாப்பிட முடிவதே சிகிச்சையைத் தாங்கும் தெம்பு.

அக்கா ஏற்கெனவே ஏதாவது எடுத்துக்கொண்டிருந்தால், மறைக்காதீர்கள், திட்டவும் வேண்டாம். பயத்தில் இருப்பவர் கைக்கு எட்டியதைப் பிடிப்பது இயல்பு. அடுத்த முறை போகும்போது புட்டியையே கையில் எடுத்துச் செல்லுங்கள். பெயர் சொன்னால் போதாது, பின்புறம் சிறு எழுத்தில் உள்ள கூறுகளில்தான் பைப்பரின் போன்றவை ஒளிந்திருக்கும். எந்த நாளில் தொடங்கினார், ஒரு நாளைக்கு எத்தனை என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தன்னுண்ணலைத் தடுக்கும் மருந்துகளைக் கொண்ட சோதனை எதிலாவது சேரும் தகுதி அவருக்கு உண்டா என்பதையும் அதே நாளில் கேட்டுவிடுங்கள். இரத்த அளவுகள் நன்றாக இருக்கும் ஆரம்பக் கட்டத்திலேயே கேட்டால்தான் அந்தக் கதவு திறந்திருக்க வாய்ப்பு அதிகம்.